டால் யூனிட்டில் ஓவனும் மைக்ரோவேவும்: பலகை அறுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஓவனை முதலில் வாங்குங்கள், டால் யூனிட்டை, அதாவது ஓவனையும் மைக்ரோவேவையும் உள்ளே பொருத்தும் உயரமான அலமாரியை, அப்புறம் செய்யுங்கள். இப்போது வாங்கப் பணம் தோதுப்படவில்லை என்றால் மாடலையாவது முடிவு செய்து, அதன் அளவுப் படத்தை நெட்டில் இறக்கி, பிரிண்ட் எடுத்து ஆசாரி கையில் கொடுத்துவிடுங்கள். மதுரையில் பதினைந்து வருஷமாக மாடுலர் கிச்சன் வேலை பார்க்கிறேன். நரிமேடு, அண்ணா நகர், திருநகர், ஒத்தக்கடை என்று போன இடமெல்லாம் ஒரே கதைதான்: அலமாரி முடிந்திருக்கும், மைக்கா ஒட்டியிருக்கும், வீட்டுக்காரர் பால் காய்ச்சும் தேதிகூடக் குறித்திருப்பார், அப்போதுதான் ஓவன் வந்து இறங்கும், இறங்கிய ஓவன் உள்ளே போகாது. அல்லது உள்ளே போய்விடும், ஆனால் மேலே இருக்கும் மைக்ரோவேவிலிருந்து ஒரு கிண்ணம் ரசத்தை எடுக்க அந்த வீட்டு அம்மா குதிகாலைத் தூக்கி நிற்க வேண்டியிருக்கும். இரண்டுமே பலகை அறுக்கும் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் வராத தொல்லைகள்.

முதலில் ஒரு விஷயம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண மைக்ரோவேவையோ ஓடிஜி என்ற மேஜை ஓவனையோ அப்படியே அலமாரிக்குள் தள்ளி மூடிவிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடாது. மேஜை மேல் வைக்கிற மைக்ரோவேவ் சுற்றிலும் காற்று ஓடும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது, பல மாடல்களுக்கு மேலே மட்டும் 20 செ.மீ. வரை இடம் விடச் சொல்லி மேனுவலிலேயே போட்டிருப்பார்கள். ஓடிஜிக்கோ உடம்பே கொதிக்கும், அதைச் சுற்றிப் பலகை அடிப்பது நெருப்போடு விளையாடுவது. வீட்டிலேயே கேக் போட்டு விற்கிறவர்கள் பலர் நல்ல பெரிய ஓடிஜி வைத்திருக்கிறார்கள், அதை மேடை மேலேயே, மூன்று பக்கமும் காற்று படும்படி வைத்துக்கொள்ளுங்கள். டால் யூனிட்டுக்குள் போவது பில்ட்-இன் என்று, அலமாரிக்குள் பொருத்துவதற்கென்றே செய்யப்பட்ட மெஷின் மட்டும்தான்.

இஞ்ச் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும்

நம்ம ஊர் மர வேலை முழுக்க அடி, இஞ்ச், நூல். இஞ்சுக்கு 8 நூல், ஒரு நூல் என்பது 3 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. பில்ட்-இன் ஓவனோ மில்லிமீட்டரில் பிறந்தது. 60 செ.மீ. ஓவன் என்று பெயர், முகப்புக் கண்ணாடி 595க்கு 595 மி.மீ. இருக்கும், ஆனால் அது உட்கார வேண்டிய ஓப்பனிங் அகலம் குறைந்தது 560 மி.மீ., உயரம் 590 முதல் 600 வரை, ஆழம் குறைந்தது 550. இந்த 560 என்ற எண்ணை நன்றாக நினைவில் வையுங்கள்.

தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம் ஆனையூரில் ஒரு வீடு. டேப்பில் பார்த்தால் 560 மி.மீ. கிட்டத்தட்ட 22 இஞ்சில் வருகிறது, சரி 22 இஞ்ச் என்று சொல்லிவிட்டேன், ஆசாரியும் நூல் பிசகாமல் 22 இஞ்ச் உள்வாய் வைத்து முடித்துவிட்டார். 22 இஞ்ச் என்றால் 558.8 மி.மீ. குறைவது ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான். ஓவனை இரண்டு பேர் தூக்கி வாயில் வைத்துத் தள்ளினோம், நான்கு விரல்கடை போனது, அப்புறம் தகரம் பலகையை உரசும் ஒரு கிறீச் சத்தம், மைக்கா ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு சுருள் கிளம்பி வந்தது, அதோடு நின்றுவிட்டது. இன்னும் தள்ளினால் பக்கத்தகரம் நசுங்கும். வெளியே எடுத்து, ஒரு பக்க மைக்காவை ஹீட் கன் வைத்துச் சூடுகாட்டிப் பிரித்து, ப்ளையை இழைத்து, மறுபடி மெல்லிய மைக்கா ஒட்டி, காயவிட்டு, ஒன்றரை நாள் போனது. தவறு என்னுடையது, அந்தச் செலவை அவர்களிடம் கேட்கவில்லை. அன்றிலிருந்து மெஷின் வருகிற கட்டத்துக்கு மட்டும் ஆசாரியிடம் மில்லிமீட்டரில்தான் பேசுகிறேன், பலகையிலேயே பென்சிலால் மில்லிமீட்டரில் எழுதிவிடுகிறேன்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கம்பெனிப் படத்தில் அலமாரியின் வெளி அகலம் 600 மி.மீ. என்று போட்டிருக்கும். அவர்கள் கணக்கு 18 மி.மீ. போர்டு, இரண்டு பக்கமும் கழித்தால் உள்ளே 564, சரியாக வந்துவிடும். நாம் போடுவது 19 மி.மீ. ப்ளை, அதன் மேல் வெளிப்பக்கம் 1 மி.மீ. மைக்கா, உள்பக்கம் 0.8 மி.மீ. லைனர் என்ற மெல்லிய மைக்கா. ஒரு பக்கப் பலகை 20.8, இரண்டுக்கும் 41.6. 600இல் கழித்துப் பாருங்கள்: 558.4. படத்தில் இருந்ததை அப்படியே செய்தும் ஓவன் போகாது. அதனால் எங்கள் வேலையில் வெளி அகலம் 600 வைப்பதே இல்லை, முழுசாக 2 அடி. 2 அடி என்றால் 609.6, அதில் 41.6 போனால் 568. பெரும்பாலான மாடல்கள் 560 முதல் 568 வரை கேட்கும், அதில் சரியாக உட்காரும். 568ஐத் தாண்டவும் கூடாது, ஓரத்தில் இருக்கும் ஸ்க்ரூ பிடிக்கப் பலகை கிடைக்காது. 19 என்று விற்கும் ப்ளை எல்லாம் 19 இருப்பதில்லை, கடையிலிருந்து லோடு வந்ததும் வெர்னியர் வைத்து நாலு இடத்தில் தடிமன் பார்த்து, அந்த எண்ணைப் போட்டுக் கணக்கைத் திரும்பச் செய்யுங்கள்.

மைக்ரோவேவுக்கு அகலம் பெரும்பாலும் அதே 560தான், உயரம்தான் மாடலுக்கு மாடல் மாறும்: ஒன்று 362 கேட்கும், இன்னொன்று 380, 382 கேட்கும். காம்பாக்ட் ஓவன் என்று 45 செ.மீ. உயரத்தில் ஒன்று உண்டு, அதற்கு ஓப்பனிங் 450. சாப்பாட்டைச் சூடாக வைக்கும் வார்மிங் ட்ராயர் 140. 450ம் 140ம் சேர்ந்தால் 590, அதாவது ஒரு முழு ஓவன் உயரம். இரண்டு டால் யூனிட்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒன்றில் பெரிய ஓவன், அடுத்ததில் காம்பாக்டும் ட்ராயரும் வைத்தால் மேல்கோடும் கீழ்கோடும் ஒரே நேரில் வரும். பெரிய வீடு கட்டுகிறவர்கள் இதைப் பார்க்கலாம், மற்றவர்களுக்கு ஒரு ஓவன், ஒரு மைக்ரோவேவ் போதும்.

எந்த உயரத்தில் எது

படத்தில் அழகாக இருக்கிறது என்று ஓவனைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, அதற்கும் மேலே மைக்ரோவேவ் வைத்த கிச்சன்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்கள் நம்ம வீட்டு அம்மாக்களின் உயரத்துக்குப் போட்டவை அல்ல. நரிமேட்டில் ஒரு டீச்சரம்மா வீட்டில், வேறு யாரோ செய்து கொடுத்த யூனிட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. மைக்ரோவேவ் தரை மட்டத்திலிருந்து நாலேகால் அடிக்கு மேல் இருந்தது. “தம்பி, குழம்புக் கிண்ணத்தை எடுத்தா மூஞ்சிக்கு நேரா வருது, ஆவி கண்ணுல அடிக்குது, கை நடுங்குது. அதனால இதைத் தொடுறதே இல்ல” என்றார்கள். உள்ளே பார்த்தால் மைக்ரோவேவில் பிஸ்கட் பாக்கெட் அடுக்கி வைத்திருந்தார்கள். அவ்வளவு பணம் போட்டு வாங்கிய மெஷின். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அதனால் நான் செய்வது இது. சமையல் செய்கிறவர் யாரோ அவரைச் சுவர் ஓரமாக, வீட்டில் நடக்கிற மாதிரி வெறுங்காலோடு நிற்கச் சொல்கிறேன். முழங்கையை மடக்கி, தட்டு ஏந்துகிற மாதிரி கையை நீட்டச் சொல்லி, முழங்கை மட்டத்தில் சுவரில் ஒரு பென்சில் கோடு. தோள் மட்டத்தில் இன்னொரு கோடு. ஐந்தடி உயரம் உள்ளவருக்கு முழங்கை ஏறத்தாழ 95 செ.மீ.யிலும், தோள் ஏறத்தாழ 125 செ.மீ.யிலும் வரும். சூடான பாத்திரம் எடுக்கும் எந்த மெஷினின் அடித்தட்டும் தோள் கோட்டுக்கு மேலே போகக் கூடாது, கூடியவரை இரண்டு கோட்டுக்கும் நடுவிலேயே, அதுவும் முழங்கைப் பக்கமாக இருக்க வேண்டும்.

நம்ம வீடுகளில் மைக்ரோவேவ் தினமும் ஓடும், ஓவன் வாரத்துக்கு ஒரு முறையோ மாதத்துக்கு இரண்டு முறையோ ஓடும். ஆகவே மைக்ரோவேவின் உயரத்தை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து கீழே இறங்கி வர வேண்டும், பலர் கீழிருந்து அடுக்கிக்கொண்டே போய் மிச்சம் இருந்த இடத்தில் மைக்ரோவேவை வைக்கிறார்கள். ஐந்தடிக்காரருக்கு மைக்ரோவேவ் உட்காரும் தட்டின் மேல்மட்டம் தரையிலிருந்து மூன்றரை அடி, அதாவது 1067 மி.மீ. அதற்குக் கீழே தட்டு 20, ஓவன் ஓப்பனிங் 600. ஓவன் அடி 447இல், கிட்டத்தட்ட ஒன்றரை அடியில் வந்து நிற்கும். ஓவன் தட்டு பாரம் தாங்க வேண்டும், இரண்டு ப்ளையைச் சேர்த்து 40 மி.மீ. கீழே யூனிட் நிற்கும் கால் 100. அடிப்பலகையும் கழித்தால் நடுவில் 11 இஞ்சுக்குக் கொஞ்சம் கூட மிச்சம் இருக்கும், கேக் டின், பேக்கிங் ட்ரே வைக்க ஒரு நல்ல ட்ராயர் வந்துவிடும். ஓவனுக்குக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் மேடைக்கடியில் வைப்பதற்கு இது எவ்வளவோ மேல். வீட்டில் எல்லோரும் ஐந்தரை அடி என்றால் மொத்தத்தையும் நாலு இஞ்ச் தூக்கிக்கொள்ளுங்கள். தினமும் பேக் செய்து விற்கிறவர் என்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள், ஓவனின் நடுத்தட்டு முழங்கைக்குச் சற்றுக் கீழே வர வேண்டும், மைக்ரோவேவைப் பக்கத்து யூனிட்டுக்கு மாற்றிவிடலாம்.

கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் இப்போதே பாருங்கள். மைக்ரோவேவ் கதவுக்குப் பெரும்பாலும் கீல் இடது பக்கம், அதை மாற்ற முடியாது. அப்படியென்றால் எடுத்த பாத்திரத்தை வைக்கும் மேடை வலது பக்கம் இருக்க வேண்டும், டால் யூனிட் மேடையின் இடது கோடியில் நிற்க வேண்டும். வலது கோடியில் நிறுத்தினால் திறந்த கதவு மேடைக்கும் உங்களுக்கும் நடுவில் வந்து நிற்கும், கொதிக்கிற பாத்திரத்தோடு கதவைச் சுற்றிப் போக வேண்டும். இடம் அப்படித்தான் அமைகிறது என்றால் கீழ்நோக்கித் திறக்கும் கதவுள்ள மாடலைத் தேடுங்கள். யூனிட்டை ஒட்டி ஒன்றேகால் அடி வெற்று மேடையாவது வேண்டும், மிக்ஸி, தண்ணீர்க் குடம் எதுவும் அதில் குடியேறக் கூடாது. ஓவன் கதவு கீழே திறந்தால் ஒன்றரை அடி வெளியே நீட்டும், அதற்கு முன்னால் ஆள் நிற்க வேண்டும், அதனால் எதிரே இருக்கும் சுவருக்கோ மேடைக்கோ நடுவில் மூன்றரை அடிக்குக் குறைவாக இருந்தால் அந்த இடத்தில் ஓவனே வேண்டாம் என்பேன்.

வாஸ்து பார்க்கிறவர்கள் அடுப்பை அக்னி மூலையான தென்கிழக்கில் வைத்துவிட்டு, பாரமான டால் யூனிட்டைத் தெற்கு அல்லது மேற்குச் சுவரில் நிறுத்தச் சொல்வார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மேற்குச் சுவர் என்றால் ஒன்று மட்டும் கவனம்: சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் மத்தியானம் முழுக்க அந்தச் சுவரில் அடிக்கும், சாயங்காலம் உள்பக்கம் கை வைத்தால் சுடும். அந்தச் சுவரை ஒட்டி ஓவன் ஓடினால் வெப்பம் போக வழியே இல்லை. அங்கே பின்னால் விடும் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு வழி

நம்ம ஆசாரிகள் வேலையில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எங்கப்பாவும் ஆசாரிதான். பின்பலகை இல்லாமல் ஒரு அலமாரியை விட அவர்களுக்கு மனசே வராது, பல்லி வரும், கரப்பான் வரும் என்று முழுக்க 6 மி.மீ. ப்ளை அடித்துவிடுவார்கள். மற்ற அலமாரிக்கு அது சரி. மெஷின் வைக்கும் கட்டத்துக்கு அது கூடவே கூடாது. பில்ட்-இன் ஓவனுக்குள் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், அது குளிர்ந்த காற்றை இழுத்துத்தான் மெஷினின் மேல்பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டைக் காப்பாற்றுகிறது. காற்று கிடைக்கவில்லை என்றால் முதலில் போகிறது அந்தப் போர்டுதான், அதை மாற்றுகிற செலவு ஓவன் விலையில் பெரிய பங்கு.

செய்ய வேண்டியது எளிது. ஓவன் கட்டத்திலும் மைக்ரோவேவ் கட்டத்திலும் பின்பலகை வேண்டாம். குறுக்குத் தட்டுகள் எல்லாவற்றையும் சுவருக்கு 2 இஞ்ச் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள், ட்ராயருக்கு மேலே இருக்கும் தட்டு உட்பட. அப்போது கீழிருந்து மேல்வரை சுவர் ஓரமாக ஒரு புகைக்கூண்டு மாதிரி வழி கிடைக்கும். கீழே காலை மறைக்கும் ஸ்கர்ட்டிங் பலகையில் ஒரு அலுமினிய கிரில், அதன் வழியாகக் காற்று நுழையும். மேலே? இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நம்ம வீடுகளில் டால் யூனிட்டுக்கு மேலே பரண் அலமாரி சீலிங் வரை போய் மூடிவிடும், ஏறிய வெப்பம் அங்கேயே தங்கி, பரணில் இருக்கும் தீபாவளிப் பாத்திரத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். பரணின் அடிப்பலகையையும் பின்னால் 2 இஞ்ச் வெட்டி, மேலே சீலிங் ஓரமாக ஒரு கிரில் வையுங்கள். கரப்பானுக்குப் பயம் என்றால் கிரில்லுக்குப் பின்னால் கொசுவலை ஸ்டீல் மெஷ் அடித்துவிடலாம், காற்றும் போகும், பூச்சியும் வராது.

எந்தப் பலகை

இப்போது மதுரையில் பிவிசி கபோர்டு நிறையப் போடுகிறார்கள், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, கறையான் தொடாது, விலையும் குறைவு. மற்ற இடத்துக்கு நன்றாகவே இருக்கும். ஓவன் வைக்கும் யூனிட்டுக்கு மட்டும் வேண்டாம். உள்ளே பொந்தாக இருக்கும் பிவிசி பேனலில் ஸ்க்ரூ நிற்காது, 35, 40 கிலோ ஓவனைத் தாங்காது, அதற்கும் மேல் பிவிசி 80 டிகிரி வாக்கில் இளக ஆரம்பித்துவிடும். சுற்றியுள்ள பலகை 90 டிகிரி வரை தாங்க வேண்டும் என்று பல ஓவன் மேனுவலில் போட்டிருக்கிறது. மொத்தக் கிச்சனும் பிவிசி என்றாலும் பரவாயில்லை, இந்த ஒரு யூனிட்டை மட்டும் ப்ளையில் செய்து, வெளியே அதே கலரில் மைக்கா ஒட்டிக்கொள்ளுங்கள். ப்ளை வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குங்கள், அதுதான் மரைன் ப்ளை. ஐஎஸ் 303 முத்திரை வேறு ரகம், அது படுக்கையறை அலமாரிக்குப் போதும். மெம்ப்ரேன் என்ற பிளாஸ்டிக் தாள் ஒட்டிய ஷட்டர் கதவும் ஓவனுக்குப் பக்கத்தில் வேண்டாம், சூட்டில் ஓரம் பிரிந்து வரும்.

யூனிட்டுக்குக் கீழே வைப்பது 4 இஞ்ச் பிவிசி கால். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுகிறவர்கள் நாம், தரையில் உட்காரும் பலகை இரண்டே வருஷத்தில் ஊதிவிடும். இந்த யூனிட்டுக்கு நாலு கால் போதாது, ஆறு வையுங்கள், நடு இரண்டும் ஓவன் பாரத்துக்கு நேர் கீழே வரட்டும். ஓவன் தட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் ரீப்பர் கட்டை அடித்து அதன் மேல் தட்டு உட்கார வேண்டும். பலகைகளை இணைக்கும் வெறும் மினிஃபிக்ஸ் ஸ்க்ரூவை நம்பித் தட்டைத் தொங்கவிடாதீர்கள். யூனிட் நின்றதும் ரசமட்டம் வைத்துக் கிடைமட்டம், தூக்குக்குண்டு விட்டு நேர், அப்புறம் ஓப்பனிங்கின் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சதுரம் சரி. 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால் காலைத் திருகிச் சரி செய்துவிட்டு, அதன் பிறகு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடியுங்கள். கிளாம்ப் போட்ட பிறகு திருகினால் யூனிட் முறுக்கிக்கொள்ளும். கிளாம்ப் கட்டாயம். ஏழடி உயர யூனிட், ஓவன் கதவு திறந்த நிலையில் ஒரு குழந்தை அதைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கரண்ட்

இதை எலக்ட்ரீஷியனிடம் பூச்சு வேலைக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஓவன் 2.3 கிலோவாட்டிலிருந்து 3.6 கிலோவாட் வரை இழுக்கும். 3.6 என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 15.7 ஆம்ப், 16 ஆம்ப் பிளக்கின் விளிம்பில் நிற்கிறது. ஆகவே ஓவனுக்கென்று, வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து நேராக ஒரு தனி லைன், தனி 16 ஆம்ப் எம்சிபி, அதாவது பாரம் கூடினால் தானே விழும் சுவிட்ச். ஒயர் குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு, டிபி தூரமாக இருந்தால் 4 போடச் சொல்லுங்கள். மைக்ரோவேவுக்கும் தனியாக ஒன்று. 900 வாட் மைக்ரோவேவ் என்று எழுதியிருந்தாலும் சுவரிலிருந்து அது இழுப்பது 1400 வாட் வாக்கில் இருக்கும், கிரில், கன்வெக்‌ஷன் இருந்தால் இன்னும் கூட. இரண்டையும் ஒரே பாயிண்டில் மல்டி பிளக் போட்டு ஓட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய வீடு என்றால் எர்த் சரியாக இருக்கிறதா, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறது என்று இன்வெர்ட்டர் லைனிலிருந்து இழுத்துக் கொடுத்துவிடுகிற ஆட்களும் உண்டு. கரண்ட் போன நேரம் ஓவன் ஓடினால் இன்வெர்ட்டர் படுத்துவிடும். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாயிண்ட் எங்கே என்பது அதைவிட முக்கியம். ஓவனுக்கு நேர் பின்னால் வைக்கவே கூடாது. 16 ஆம்ப் பிளக் சுவரிலிருந்து 2 இஞ்ச் வரை முன்னால் வரும், ஓவன் அந்த அளவுக்கு வெளியே துருத்தி நிற்கும். அதோடு ஏதாவது ஆகிவிட்டால் பிளக்கைப் பிடுங்க ஓவனையே கழற்ற வேண்டும். பக்கத்து மேடைக்கடி அலமாரியின் உள்ளேயோ, மைக்ரோவேவுக்கு மேலே இருக்கும் அலமாரியிலோ வையுங்கள், கதவைத் திறந்தால் கைக்கு எட்ட வேண்டும். ஓவன் ஒயர் பெரும்பாலும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்தான் இருக்கும், அந்தத் தூரத்துக்குள் பாயிண்ட் வரட்டும். பக்கப் பலகையில் பிளக் நுழைய இரண்டரை இஞ்ச் ஓட்டை போட்டு, ஓரத்தில் ரப்பர் வளையம் மாட்டிவிடுங்கள். சில மாடல் பிளக்கே இல்லாமல் வெறும் ஒயரோடு வரும், அதைக் கம்பெனி ஆள் வந்து மாட்டுவதுதான் நல்லது, வாரன்டிக்கும் அதுதான் பாதுகாப்பு.

மாட்டுகிற நாள்

பெட்டியைப் பிரித்ததும் ட்ரே, கம்பித் தட்டு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், கதவையும் கீலிலிருந்து கழற்றலாம், மேனுவலில் படம் இருக்கும். கதவு போனால் ஓவன் எடை நன்றாகக் குறையும். கைப்பிடியைப் பிடித்து மட்டும் தூக்கவே தூக்காதீர்கள், பக்கவாட்டில் கை வைக்கக் குழி இருக்கும். இரண்டு பேர் தூக்கி, ஒயரை முதலில் ஓட்டை வழியாக விட்டு, மூன்றாவது ஆள் பக்கத்து அலமாரியில் ஒயரை இழுத்துக்கொண்டே இருக்க, மெதுவாக உள்ளே தள்ளுங்கள். ஒயர் ஓவனுக்குப் பின்னால் மாட்டி நசுங்கினால் வெளியே தெரியாது, ரொம்ப நாள் கழித்துத்தான் வினை வரும். முன்னால் இருக்கும் ஸ்க்ரூவை டிரில் மிஷின் வைத்து முறுக்காமல் கையால் இறுக்குங்கள். கீழே ஓவன், மேலே மைக்ரோவேவ், இந்த வரிசையில் மாட்டினால் வேலை சுலபம்.

ஓவனைச் சுற்றி ஒரு மெல்லிய இடுக்கு தெரியும். அசிங்கமாக இருக்கிறது என்று சிலிக்கான் போட்டு அடைக்கச் சொல்வார்கள். வேண்டாம், உள்ளே போன காற்று அந்த வழியாகத்தான் வெளியே வருகிறது.

ஃப்ரிட்ஜ் பக்கத்திலேயே வரும் என்றால் நடுவில் ஒரு முழுப் பலகையும் இரண்டு இஞ்ச் இடைவெளியும் விடுங்கள். டிஷ்வாஷரை ஓவனுக்கு மேலே அடுக்கலாமா என்று சமீபத்தில் ஒருவர் கேட்டார், தண்ணீர் ஒழுகினால் நேராக ஓவன் போர்டில் இறங்கும், அதனால் சிங்க் பக்கத்தில் மேடைக்கடியிலேயே இருக்கட்டும். கிரைண்டர், மிக்ஸியை டால் யூனிட்டில் இழுக்கும் தட்டு போட்டு வைக்கிறார்கள். மிக்ஸி சரி. ஈரமாவு கிரைண்டர் கல்லோடு சேர்ந்து நல்ல கனம், ஓடும்போது அதிர்வும் இருக்கும், தட்டை இழுக்க உதவும் சேனல் சீக்கிரம் தளர்ந்துவிடும், அதன் இடம் மேடைதான்.

எல்லாம் மாட்டியதும் முதல் முறை ஓவனைக் காலியாக 200 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு. புது மெஷினின் எண்ணெய் வாசனை, கொஞ்சம் புகை வரும், அது இயல்பு. அந்த ஒரு மணி நேரம் முடிகிற சமயத்தில் மூன்று இடத்தில் கை வையுங்கள்: பக்கத்து அலமாரியின் உள்பக்கப் பலகை, மைக்ரோவேவுக்கு மேலே இருக்கும் அலமாரியின் அடிப்பலகை, பரணின் மேல் கிரில். முதல் இரண்டிலும் கையைத் தாராளமாக வைத்துக்கொண்டிருக்க முடிய வேண்டும், மூன்றாவதில் வெதுவெதுப்பான காற்று கையில் படவேண்டும். மேலே காற்றே வரவில்லை, பலகை சுடுகிறது என்றால் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது, பொருள் எதையும் அடுக்குவதற்கு முன்னால் அன்றைக்கே பிரித்துப் பாருங்கள்.

கடைசியாக, ட்ராயருக்கு மேலே இருக்கும் கட்டத்தின் ஓரத்தில், அல்லது மேல் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில், ஓவன் ஓப்பனிங் அகலம், உயரம், ஆழம், மைக்ரோவேவ் ஓப்பனிங் அளவு, எந்த எம்சிபி எதற்கு என்று பென்சிலால் எழுதி, மேலே ஒரு டிரான்ஸ்பரென்ட் டேப் ஒட்டி வையுங்கள். எங்கப்பா செய்த எல்லாப் பீரோவிலும் கதவுக்குள் அப்படி ஒரு கணக்கு இருக்கும். பத்து வருஷம் கழித்து இந்த ஓவன் போய் வேறு வாங்கப் போகும்போது, கடையில் நின்றபடி வீட்டுக்குப் போன் போட்டு அந்த எண்ணை வாசிக்கச் சொன்னால் போதும்.